அச்சில் இல்லாத சொல்

"'ரன்' எனக்கு வேணும்!"

லோர்னா பீல் வாய்விட்டே கேட்டுவிட்டாள். ஆங்கில அகராதி தொகுக்கும் கூடத்தில் முப்பது தலைகள் நிமிர்ந்தன. சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள்... இந்தச் சொல்லைக் கொடு என்று எவரும் கேட்கக் கூடாது, கொடுத்ததைத்தான் பார்க்க வேண்டும். உள்ளே பேசவும் கூடாது. எதுவானாலும் துண்டுச் சீட்டில் எழுதி நீட்ட வேண்டும்.

எதிர் மேசை ஹாலிஸ் கிம்பல் ஒரு சீட்டை நீட்டினான். 'வெளியே. படிக்கட்டு.'

வெளியே மழை. காலையில் இதே படிக்கட்டில்தான் அவன்மேல் மோதினாள். நான்கு மாதமாக எதிரெதிர் மேசை. அவன் குரலைக் கேட்டதே அப்போதுதான். அவன் பெட்டி கவிழ்ந்து சீட்டுகள் மழையில் சிதற, இருவரும் மண்டியிட்டுப் பொறுக்கினார்கள். எல்லாம் ஒரே சொல்லின் பொருள்கள். மூக்கு ஒழுகினால் ரன். காலுறையில் நூல் பிரிந்தால் ரன். கடை நடத்தினாலும், தேர்தலில் நின்றாலும், மீன்கூட்டம் ஆறு ஏறினாலும் ரன்.

"எட்டு மாசமா இதோடதான் குடித்தனம்," என்று சிரித்தான். இமையில் துளி தொங்கியது... சாம்பல் நிறக் கண்கள். லோர்னா சீட்டுகளை மறந்து பார்த்தாள்.

அவள் பொறுக்கிய அடுத்த சீட்டில் அவளுடைய கையெழுத்து. போன மாதம் அவள் எழுதிப் போட்டது. அவள் பிறந்த மெய்ன் கடற்கரையில், மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைப் பெண்கள் சொல்வது: படகு வந்து சங்கு ஊதியதிலிருந்து கடைசி மீன் தீரும்வரை உட்காராமல் நிற்கும் நிற்பு, ஒரு ரன். குறுக்கே அவன் சிவப்பு மை: 'அச்சில் இல்லை. நீக்குக.'

இப்போது படிக்கட்டில் வெடித்தாள். "எங்கம்மா பேச்சை வெட்ட நீங்க யாரு?"

"நான் வெட்டல, மிஸ் பீல். விதி. அச்சுல வந்த சான்று மூணு வேணும்."

"கத்தரியைப் பிடிச்ச கை யாருதாம்?"

லோர்னா விடவில்லை.

"முன்னூறு பொம்பளைங்க சொல்ற சொல்லு அது. விரலெல்லாம் பிளாஸ்திரி சுத்திக்கிட்டு மீன் தலையை நறுக்குறவங்க. அவங்க எங்க போய் அச்சடிக்க? அப்படி நின்னுதான் அம்மா என்னைக் காலேஜுக்கு அனுப்பினா!"

"கோபம் வந்தா... உங்க மூக்கு சிவக்குது."

"ஒழுகவும் செய்யும். அதுக்கு மட்டும் சான்று இருக்கு!"

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் வந்தது... கடித்து அடக்கினாள்.

"'ரன்' பக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயிடும்," என்றான் மெல்ல. "அடுத்த பதிப்பு பத்து வருஷம் கழிச்சு. அப்போ..."

"அப்போ அந்த ஆலையே இருக்காது."

"நியாயம் உங்க பக்கம்தான். ஆனா மேலிடத்துக்கிட்ட எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. எங்கப்பாவும் இந்தக் கூடத்துலதான் இருந்தார். வீட்டுலயும் ஷ்ஷ்தான்..."

பாவம்தான். பாவம் பார்த்தால் அம்மாவின் சொல் அகராதிக்குள் வந்துவிடுமா?

லோர்னா உள்ளே போய் இரண்டே வரியில் விலகல் கடிதம் எழுதினாள். அவள் ஊர் வாரப் பத்திரிகையில் ஆள் தேடுகிறார்கள். ஆலைப் பெண்கள் பேசுவதைப் பேசியபடியே அச்சில் ஏற்றுவாள். மேலங்கியை எடுத்தபோது ஹாலிஸ் சீட்டு நீட்டினான்.

'நான்கு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தது. உங்களை விரும்புகிறேன். அச்சில் இல்லை. நீக்காதீர்கள்.'

கண் கலங்கியது. ஆனாலும் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எழுதினா செல்லாது. வாயால சொல்லுங்க."

முப்பது தலைகள். நாற்காலி கிறீச்சிட அவன் எழுந்தான்.

"உங்கம்மா சொல்லை வெட்டினது தப்பு," என்றான், கூடம் முழுக்கக் கேட்க. "அப்புறம்... உங்களை விரும்புறேன், லோர்னா."

யாரோ "ஷ்ஷ்" என்றார்கள்.

"நீங்க சும்மா இருங்க!" என்றான் ஹாலிஸ், வாழ்க்கையில் முதன்முறையாக.

"சனிக்கிழமை ஊருக்கு வாங்க," என்றாள் லோர்னா. "அம்மா சோளமாவு புரட்டி மீன் வறுப்பா. நோட்டு எடுத்துட்டு வாங்க. அவ பேசுவா, நீங்க கேளுங்க."

"அப்ப... போகாதீங்களேன்?"

"அது முடிவாயிடுச்சு."

கடிதத்தைத் தலைமை மேசையில் வைத்துவிட்டு மழைக்குள் இறங்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை... பார்த்தால் சிரித்துவிடுவாள்.