அங்கம்மா மகள்

இப்போதெல்லாம் எவனும் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. மணிக்கட்டைப் பார்க்கிறான். பச்சைப் பட்டை என்றால் உட்காரச் சொல்கிறான். சிவப்பு என்றால், இதுக்குச் சொல்லி என்ன, நாளைக்கு மறந்துடும் என்று திரும்பிக்கொள்கிறான். மறதிமானி வந்து நாலே வருஷத்தில் மலேசியாவின் தைப்பிங் நகரம் இப்படி ஆகிவிட்டது.

மறதிமானி ஒரு சொட்டு ரத்தம் குடிக்கும். முதுமையில் மூளை கரையுமா என்று சொல்லும். ஒரே மரபணு சீனருக்கு ஒரு விதமாகவும் இந்தியருக்கு வேறு விதமாகவும் கெடுதல் செய்யுமாம். அதனால் அடையாள அட்டையில் எந்த இனமோ, அந்த இனத்தின் அட்டவணையோடு ஒப்பிட்டுத்தான் மணிக்கட்டுப் பட்டைக்கு நிறம் கொடுக்கும்.

லாரி ஓட்டி ஓய்ந்த நல்லமுத்துவுக்கு அதில் நம்பிக்கையில்லை. மனைவி செங்கமலத்துக்குப் பச்சை கிடைத்தபோது மட்டும் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

பிறகு அவள் ஒரே குழம்பில் மூன்று முறை உப்புப் போட்டாள். நாற்பது வருஷமாகப் போகும் மார்க்கெட்டில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றாள். கிளினிக்கில் பச்சையைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். அம்மா வேண்டுமென்றே செய்வதாக மகள் கஸ்தூரி திட்டினாள். மறதியைத் தடுக்கும் ஊசி சிவப்புக்கு மட்டும்தான்.

எங்கே தப்பு என்று நல்லமுத்துவுக்குத் தெரியும். பிறந்து நாற்பதாம் நாள், ராசியில்லாத பெண் என்று ஒரு சீனக் குடும்பம் கொடுத்துவிட்ட பிள்ளை அவள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அங்கம்மா தன் மகளென்றே பதிந்து வளர்த்தாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளையிடம் சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்கினாள்: இதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. முகத்தைப் பார்த்தாலே ஊருக்குத் தெரியும். அங்கம்மா செத்த பிறகும் யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

ஊசிக்காக அவர் கிளினிக் நர்ஸிடம் சொன்னார். அவள் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போதே.

"மிஸ்ஸி, இவ பொறப்பு சீனம்."

சீன அட்டவணையில் அதே ரத்தம் சிவப்பானது. ஊசி போட்டார்கள். செங்கமலம் வழியெல்லாம் கடைக் கண்ணாடிகளில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தூங்கி எழுந்ததும் மறந்திருந்தாள். அவருக்கு மூச்சு வந்தது.

ஆனால் சிவப்புப் பட்டை பேசும். தங்களையே மறக்கிறவர்களுக்குத் தினமும் காலையில் அவர்கள் யாரென்று சொல்லும்.

"பெயர் செங்கமலம். பிறப்பு இனம் சீனம். பெற்றோர் பதிவில் இல்லை."

"அப்ப அங்கம்மா யாருங்க?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார். அழுதாள். பத்து மணிக்குள் மறந்தாள். மறுநாள் பட்டை பேசியது. அதே கேள்வி, முதல் தடவை கேட்பவளின் அதே அழுகை. இப்படிப் பதினெட்டுக் காலைகள்; போகப் போக அழுகை சாயங்காலம்வரை நீண்டது.

பத்தொன்பதாம் நாள் அவளைக் கிளினிக்குக் கூட்டிப்போய், அங்கம்மா மகள் என்று பட்டையில் சேர்க்கச் சொன்னார். ரத்த உறவைத்தான் அது ஏற்கும் என்றாள் மிஸ்ஸி. அவளுக்கு ஒரே சந்தோஷம்: ஊசி வேலை செய்கிறது, காலையில் கேட்டது இப்போது சாயங்காலம்வரை நிற்கிறதே.

"இன்னும் ரெண்டு மாசம் போட்டா மறக்கவே மாட்டாங்க அங்கிள்."

நல்லமுத்து மேசைமேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்துச் செங்கமலத்தின் பட்டையை வெட்டினார். பட்டை இல்லாவிட்டால் ஊசி கிடையாது, வருஷத்துக்குள் உங்களையே தெரியாது என்று மிஸ்ஸி எச்சரித்தாள்.

"ஊசி நல்லதுதாம்மா. அது எதைக் காப்பாத்துதுன்னுதான் எனக்குப் புரியல."

வெளியே மழை. குடைக்குள் ஒண்டிக்கொண்ட செங்கமலம், "சீக்கிரம் நடங்க, அம்மா சாப்பிடாம காத்திருக்கும்" என்றாள்.

"காத்திருக்கும்" என்றார்.

மறதிமானியை அவர் நம்பவில்லை. தான் செய்தது சரி என்பதையும் நம்பவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.