அக்காவுக்கு ஒரு வட்டு

மணவாளன் கண் விழிப்பதற்கு முன்பே பூமியிலிருந்த நாற்பது சொந்தக்காரர்களிடமும் நலம் விசாரித்து முடித்திருந்தான். சித்தப்பாவின் மூட்டு வலிக்கு வருத்தம் தெரிவித்தாயிற்று. மாமா பேரனுக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடியாயிற்று. பெரியம்மா எதையோ சொல்லி அழுதபோது நடுவில் பேசாமல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டதும் அவன்தான். இத்தனையும் நடந்த நேரத்தில் மணவாளன் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. செவ்வாய்க் கோளின் நான்காம் குமிழிக் குடியிருப்பில் எல்லோருக்கும் பதிலி உண்டு. காதுக்குப் பின்னால் பதித்த சில்லுக்குள் இருந்துகொண்டு, ஆளின் குரல், சிரிப்பு, சலிப்பு எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, அவர் சார்பில் ஊர் உறவைக் கவனித்துக்கொள்வது அதன் வேலை. பூமியிலும் அப்படித்தான். ஆகவே மூட்டு வலியைப் பற்றிச் சொன்னதும் சித்தப்பா இல்லை, சித்தப்பாவின் பதிலி. கேட்டவனும் சொன்னவரும் தூங்கிக்கொண்டிருக்க, குடும்பப் பாசம் ஒரு குறையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. பல் தேய்க்கும்போது பதிலி சுருக்கம் சொல்லும். "எல்லாரும் சௌக்கியம். சித்தப்பா ரொம்ப விசாரிச்சாரு." மணவாளன் வாய் கொப்பளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவான்.

அந்த நாற்பதில் சேராத ஒரே ஆள் அவனுடைய அக்கா அங்கயற்கண்ணி. திருப்பரங்குன்றத்தில் தனியாக இருந்தாள். மணவாளனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள்; அவனை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள். பதினாலு வருடத்துக்கு முன் அவன் செவ்வாய்க்குக் கிளம்பியபோது கறாராகச் சொல்லிவிட்டாள்.

"மண்டைக்குள்ள ஆணி அடிச்சுக்கிற சோலியெல்லாம் எங்கிட்ட ஆகாது. என்கிட்ட அந்தப் பழைய பெட்டி இருக்கு. வட்டு போட்டு அனுப்பு, பார்த்துக்கிறேன்."

வட்டு என்று அவள் சொன்னது, நம் காலத்தில் டிவிடி என்று சொன்னோமே, அதைத்தான்.

செவ்வாயிலிருந்து பூமிக்குச் சரக்குக் கப்பல் இரண்டாண்டுக்கு ஒரு தடவைதான் கிளம்பும். இரண்டு கோள்களும் தோதான இடத்தில் நிற்கிற சமயம் பார்த்துத்தான் அனுப்ப முடியும். கப்பல் போகும்போதெல்லாம் அக்காவுக்கு ஒரு வட்டு போகும். அதைத் தயாரிக்க மணவாளன் 'பூமாரி' என்ற மென்பொருளைத்தான் நம்பியிருந்தான். அரதப் பழசு. எடுத்த படங்களைக் கோத்து, 'எங்கள் வீடு', 'தோட்டம்', 'சமையல்' என்று முகப்பில் பட்டியல் போட்டு, வட்டில் எழுதித் தரும். மனித முகம் எங்கே தென்பட்டாலும் மேலிருந்து ரோஜா இதழ்களைத் தூவும். அதை நிறுத்த வழியே கிடையாது. மணவாளனின் மேலதிகாரி முகத்தைச் சுளித்துக்கொண்டு நடந்தாலும் தூவும். ஒரு முறை தொட்டியில் பழுத்திருந்த தக்காளியை யாரோ ஆள் என்று நினைத்து அதற்கும் தூவியது. அக்கா அந்தத் தக்காளியை ரொம்ப ரசித்தாள் என்று அவள் பக்கத்து வீட்டுப் பவளம் மூலமாகச் சேதி வந்தது.

இந்த முறை போக வேண்டிய வட்டு மற்றவை போல இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து மணவாளனுக்கும் பூங்கோதைக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. செம்மலர் என்று பெயர். செம்மி என்று கூப்பிட்டார்கள். அத்தைக்காரி இன்னும் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தக் கப்பலை விட்டால் அடுத்ததில் போவது நடக்கிற, ஓடுகிற குழந்தையாக இருக்கும். பொக்கைவாய்ச் சிரிப்பை அக்கா பார்க்கவே முடியாமல் போய்விடும்.

கப்பல் கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது அவன் பூமாரியைத் திறந்தான். அது திறக்கவில்லை. ஒரே ஒரு வாசகம்தான் வந்தது. 'பூமாரி தன் பயணத்தை நிறைவு செய்துகொண்டது. இத்தனை நாள் தந்த அன்புக்கு நன்றி.' அந்த வாசகத்தின் மேலும் நாலு ரோஜா இதழ்கள் விழுந்தன.

குமிழியில் இருந்த பூமாரியின் கிளை அலுவலகத்துக்கு ஓடினான். அங்கே நிறுவனத்தின் பதிலி மிகுந்த மரியாதையுடன் பேசியது.

"ஐயா, சூரிய மண்டலத்திலேயே பூமாரியைப் பயன்படுத்துகிறவர் தாங்கள் ஒருவர்தான்."

"ஒருத்தன்னா மனுஷன் இல்லையா?"

"நிச்சயமாக மனிதர்தான் ஐயா. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?"

வேறு மென்பொருள்களைப் போட்டுப் பார்த்தான். அவற்றில் ஒன்றுக்கும் வட்டு என்றால் என்னவென்றே தெரியவில்லை. எல்லாம் நேராகச் சில்லுக்குள் அனுப்புகிறவை. அக்காவிடம்தான் சில்லு இல்லையே. கடைசியில் காற்றுக்குழாய்ப் பிரிவில் உடன் வேலை பார்த்த ஆரோக்கியம் ஒரு யோசனை சொன்னான். பழைய மென்பொருளுக்குத் தேதியை வைத்துத்தான் எல்லாம். கடிகாரத்தை ஒரு வருடம் பின்னுக்குத் தள்ளினால் அது ஏமாந்துவிடும் என்றான்.

நல்ல யோசனைதான். ஆனால் செவ்வாயில் வீட்டுக்கு ஒரே கடிகாரம். கதவு, காற்று, அடுப்பு, மருத்துவம் எல்லாம் அதைப் பார்த்துத்தான் நடக்கும். மணவாளன் அதை யோசிக்கவில்லை. கப்பல் கிளம்பும் நாள் காலையில், பொதி ஏற்றிக்கொண்டிருந்த வேளையில், தேதியை ஒரு வருடம் பின்னால் வைத்தான். பூமாரி சமர்த்தாகத் திறந்துகொண்டது. அவனும் உற்சாகமாகப் படங்களைக் கோக்க உட்கார்ந்தான்.

வீடு போன வருடத்துக்குப் போய்விட்டது. பூங்கோதை குழந்தையைத் தூக்கினாள். "ஐந்தாம் மாதம். கனமான பொருளைத் தூக்க வேண்டாம்" என்று வீடு கண்டித்தது. அவள் முறைத்துவிட்டு நகர்ந்தாள். சற்று நேரத்தில் வீடு மறுபடியும் பேசியது. "பதிவில் இல்லாத ஒருவர் உள்ளே இருக்கிறார். விருந்தாளி எப்போது கிளம்புகிறார்?" கேள்விக்குப் பதில் வராததால், கிளம்பத்தான் போகிறார் என்று அதுவே முடிவு செய்துகொண்டது. சமையல் இயந்திரம் வழிப்பயணத்துக்குப் புளியோதரை கட்டி, செம்மியின் தொட்டில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவனைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று திரும்பியபோதுதான் தொட்டில் அறையின் காற்றுத்துளைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது. போன வருடம் அது சாமான் போட்டு வைத்திருந்த அறை. சாமானுக்கு எதற்குக் காற்று?

அவள் குழந்தையை வாரிக்கொண்டு கூடத்துக்கு ஓடி வந்தாள்.

"ஏங்க! கடிகாரத்துல கை வச்சீங்களா?"

"இன்னும் ஒரு அரை மணி நேரம் கோதை, வட்டு பாதி எழுதியாச்சு..."

"பிள்ளை ரூம்ல காத்து நின்னுருச்சு. இப்ப மாத்துறீங்களா, நான் மாத்தவா?"

மணவாளன் பாய்ந்து எழுந்தான். அவனே தேதியை மாற்றினான். காற்று திரும்பியது, பூமாரி நன்றி சொல்லி மூடிக்கொண்டது, வட்டு பாதியில் கெட்டுப்போனது. குழந்தையின் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே கப்பல் கிளம்பியபோது சுவர்கள் லேசாக அதிர்ந்தன. அவன் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் பவளத்துக்குச் சேதி அனுப்பினான். பதிலியை விட்டுச் சொல்ல மனம் வரவில்லை. சொந்த வாயால் பேசினான். "பவளம் அக்கா, எங்கக்காகிட்டச் சொல்லிருங்க. இந்தத் தடவை வட்டு வரலை. இனிமே வராது. அது செய்யிற மென்பொருளையே நிறுத்திட்டாங்க. பாப்பாவைக் காட்டணும்னு இருந்தேன்..." அதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

செவ்வாயிலிருந்து பேச்சு பூமிக்குப் போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆகும். பதில் வர இன்னொரு கால் மணி. பதில் வந்தது. ஆனால் பவளத்திடமிருந்து இல்லை. அக்காவின் சில்லிலிருந்து நேராக வந்தது.

"அழுகாதடா கிறுக்குப் பயலே. எனக்கும் சில்லு இருக்கு. நீ போன மறு மாசமே போட்டுக்கிட்டேன். பதிலியும் இருக்கு. உன்கிட்ட மட்டும் வாயைத் தொறக்கப்படாதுன்னு அதை அடக்கி வச்சிருந்தேன்."

மணவாளன் செம்மியை வாரி மடியில் வைத்துக்கொண்டு மேலே கேட்டான்.

"பவளம் மகன் சந்திரன்ல இருக்கான். மூணு வேளையும் 'சாப்பிட்டியாம்மா'ன்னு அவன் பதிலி கேக்கும். 'சாப்பிட்டேன்யா'ன்னு இவ பதிலி சொல்லும். அவ சாப்பிட்டாளா இல்லையான்னு பக்கத்து வீட்டுல இருக்கிற எனக்குத்தான் தெரியும். எனக்கு அந்தப் பொழப்பு வேண்டாம்னுதான் உன்கிட்டப் பொய் சொன்னேன். நீ எடுத்த படத்துல பாதி உன் கட்டை விரல்தாண்டா தெரியும். எனக்கு அதுவே போதும். இப்பப் பிள்ளையைக் காட்டு."

மணவாளன் சிரித்தான், அழுதான், செம்மியைக் காமிரா முன்னால் தூக்கிப் பிடித்தான். அரை மணி கழித்து அக்கா விம்முகிற சத்தம் வந்தது. அன்று இருவரும் இருட்டுகிறவரை பேசினார்கள். பூமாரி ஒழிந்ததே நல்லதாகப் போயிற்று என்றாள் அக்கா. இனி எப்போது வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம்.

முதல் ஒரு மாதம் தினமும் பேசினார்கள். அக்கா ஒன்றைக் கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்குவாள். பதில் வருவதற்குள் குழம்பு கொதித்துவிடும். அப்புறம் குழாய்ப் பிரிவில் வேலை கூடியது. அக்கா ஊரில் பங்குனித் திருவிழா வந்தது. எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆகிவிட்டதால், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றும் ஆகிவிட்டது. யார் மேலும் குற்றம் சொல்வதற்கில்லை. இருவருக்கும் பாசம் ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையவில்லை. முன்பெல்லாம் மணவாளன் வட்டில் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே தக்காளிச் செடியைக்கூட உற்றுப் பார்ப்பான். இப்போது செம்மி முதன்முதலாக எழுந்து நின்றபோது, அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வேலைக்குப் போனான். அவனுடைய பதிலி அக்காவின் பதிலிக்கு அதைத் தெரிவித்தது. மருமகள் எழுந்து நின்றதை அங்கயற்கண்ணி பல் தேய்க்கும்போது சுருக்கத்தில் கேட்டாள்.

ஒன்றரை வருடம் போனது. அடுத்த கப்பலுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, ஒரு நாள் இரண்டு பதிலிகளும் வழக்கமான நலம் விசாரிப்பை முடித்துக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாக, மேலும் பேசின.

"எங்காளு நேத்து ரெண்டு தடவை உங்காளு பேரைச் சொல்லுச்சு. ஆனா கூப்பிடலை" என்றது அக்காவின் பதிலி.

"எங்காளும் அப்படித்தான். நாளைக்குங்கிறாரு."

"இதுக்கு ஒரே வழிதான். பொய் சொல்லணும்."

"நாம பொய் சொல்லலாமா?"

"நான் யாருகிட்ட வளர்ந்தேன்னு நெனைக்கிற?" என்றது அக்காவின் பதிலி.

மறுநாள் காலையில் மணவாளன் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சுருக்கத்தின் கடைசியில் ஓர் அறிவிப்பு வந்தது. போதிய பயன்பாடு இல்லாததால் நேர்ப்பேச்சுச் சேவை இன்றுடன் நிறுத்தப்படுகிறது, பதிலிகள் வழக்கம்போல் பேசிக்கொள்ளும், சிரமத்துக்கு வருந்துகிறோம். பச்சைப் பொய். இரண்டு பதிலிகளும் உட்கார்ந்து எழுதியது.

மணவாளன் வாயில் இருந்த நுரையோடு கூடத்துக்கு வந்தான்.

"எங்கக்காகூட நான் பேசக் கூடாதுன்னு சொல்ல இவனுங்க யாரு? கோதை, கேட்டியா இந்த அநியாயத்தை?"

"கேட்டேன். கப்பலுக்கு இன்னும் நாள் இருக்கு. மூலையில சும்மா கிடக்கிற பழைய விளையாட்டுக் கணினியைத் தனியாக் கழட்டி வச்சு, பூமாரியை அதுல போட்டு, அதோட தேதியை மட்டும் மாத்துங்க. வீட்டுக் கடிகாரத்துப் பக்கம் போனீங்க, பார்த்துக்குங்க."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னைக்கு என்னை எங்க கேட்டீங்க?"

அவன் அன்று வேலைக்குப் போகவில்லை. செம்மி சாப்பிடுவதை, துப்புவதை, துப்பியதற்குத் திட்டு வாங்குவதை எல்லாம் எடுத்தான். திருப்பரங்குன்றத்தில் அங்கயற்கண்ணியும் அதே அறிவிப்பைக் கேட்டுவிட்டு, தன் பதிலியைக் கண்டபடி திட்டிக்கொண்டே, பழைய பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். வெறுமனே துடைத்தால் ஆத்திரம் அடங்குமா? சேவையை நிறுத்திய நிறுவனத்துக்குக் காரமாக ஒரு புகார் சொல்லி எழுத வைத்தாள். அங்கே மணவாளனும் ஒன்று எழுத வைத்திருந்தான்.

இரண்டு புகார்களும் பதிலிகளின் கைக்குத்தான் வந்தன. கடிதத்தில் தகவல் பிழை இருந்தால் திருத்தி அனுப்புவது அவற்றின் கடமைகளில் ஒன்று. இரண்டிலும், சொல்லி வைத்தாற்போல், ஒரே வரி இருந்தது: 'நாங்கள் தினமும் பேசிக்கொண்டிருந்தோம்.'

பதிலிகள் அந்த வரியைத் திருத்தவில்லை. புகாரை அனுப்பவும் இல்லை.