காயாத சுவர்

வால்வை மூடிய பிறகும் சுவர் நனைந்துகொண்டுதான் இருந்தது. குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே நின்ற அந்தச் சுவரிலிருந்து ஊறிய சுண்ணாம்பும் பாசியும் கலந்த வாடை வீடு முழுக்கப் பரவியிருந்தது. கை வைத்துப் பார்த்தால் ஈரம் மட்டுமல்ல, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி ஒரு சூடும் இருந்தது. அதைத்தான் அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். பிளம்பர் டைல்ஸை உடைத்துப் போட்டு, "பைப்ப மாத்தியாச்சு சார், இனி ஒரு பொட்டுத் தண்ணி வராது" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். வந்துகொண்டேயிருந்தது.

இன்சூரன்ஸ் ஆபீசில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். "எங்க சர்வேயர் பாக்குற வரைக்கும் எதையும் துடைக்காதீங்க, நகத்தாதீங்க." அதனால் தலைமாடு ஊறிப்போன கட்டில் சுவரோடு ஒட்டியபடியே கிடந்தது.

"கிளெய்மும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்த ரூமுக்குள்ள போகவே எனக்குப் பயமா இருக்கு. பிள்ளைய அங்க விடாதீங்க" என்றாள் மனைவி.

"ஈரச் சுவரப் பாத்துப் பயப்படுற ஒரே ஆளு நீதான்" என்று கிண்டல் பண்ணினான். அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது.

அன்று மதியம் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றது. சர்வேயர் வீடியோ காலில் கூப்பிட்டபோது அவன் செல்லைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனான். ஐயையோ என்றிருந்தது. மகள் சிட்டு அந்தக் கட்டிலில் சுவர்ப்பக்கம் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எப்போது வந்து படுத்தாளோ. எழுப்பினால் ஊரைக் கூட்டுவாள், கிளெய்ம் வேலை கெட்டுப்போகும். முடியட்டும் என்று விட்டுவிட்டான்.

"இன்னும் கிட்டக் காட்டுங்க சார்."

காட்டினான். சுவருக்குள் எங்கோ சொட்டும் சத்தம். சொட்டு நின்றது. பிறகு யாரோ எச்சில் விழுங்குவது போல ஒரு சத்தம். மழைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"சுவரு மறையுது சார். வீட்டம்மாவக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

"அவ வேலைக்குப் போயிருக்கா சார்."



"அப்ப கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல நிக்கிறது யாரு சார்?"

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. அவன் கண்ணுக்குத் தெரிந்தது சுவர்தான். ஈரக்கறைதான். செல் திரையைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"சார்..." சர்வேயரின் குரல் இறங்கியிருந்தது. "அவங்க குனியுறாங்க. பாப்பாவத் தூக்கிட்டு வெளிய வாங்க. மொதல்ல வாங்க சார்!"

செல் கீழே விழுந்தது. பாய்ந்து சிட்டுவை வாரித் தூக்கினான்.

வரவில்லை.

மறுபடி இழுத்தான். அவளுடைய வலது கை சுவரோடு இருந்தது. சுவரோடு இல்லை. சுவருக்குள். மணிக்கட்டு வரை.

சிட்டு கண் திறந்தாள். "இழுக்காதப்பா. வலிக்குது. அவங்க பிடிச்சிருக்காங்க."

"யாரு கண்ணு? யாரு?"

அவள் பதில் சொல்வதற்குள் அந்தக் கை இன்னும் உள்ளே போனது. பிசைந்த மாவுக்குள் போவது போல. சத்தமே இல்லாமல். முழங்கை வரை. சிட்டு வீறிட்டாள். அவன் கட்டிலில் கால் ஊன்றி, இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தான். உள்ளேயிருந்தும் இழுத்தார்கள். அவனைவிட நிதானமாக.

அப்போது வாடை நின்றது. சூடு தணிந்தது. நிமிர்ந்து பார்த்தான்.

ஈரம் பின்வாங்கிக்கொண்டிருந்தது. மேல்மூலையிலிருந்து. கீழிருந்து. இரண்டு ஓரங்களிலிருந்தும். வெள்ளையாக, கெட்டியாக, கல்லாக, நாலு பக்கமும் சுவர் காய்ந்துகொண்டே சிட்டுவின் முழங்கையை நோக்கி வந்தது.