வருகை=இல்லை

காலி ஃபோல்டருக்கு யாராவது காவல் வைப்பார்களா? தானெலி உதட்டைச் சுழித்தான். 'வீடு' என்ற அந்த ஃபோல்டரை யார் கேட்டாலும், முகவரியின் கடைசியில் 'வருகை=இல்லை' என்று ஒட்டி, முகப்புப் பக்கத்துக்கே திருப்பியனுப்பியது சர்வரில் ஒரு விதி.

"கலெர்வோ எழுதினதுதானே? கோழி கிளறின மாதிரி இருக்கு. இதுக்கா அவன இத்தனை வருஷம் வச்சிருந்தீங்க?"

அலுவலகத்திலிருந்து கிளம்ப அவுலிக்கி கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். "அதுல மட்டும் கை வைக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தான் வேலைய விட்டான்."

"ஏன்னு சொன்னானா?"

"இல்ல."

"தெரிஞ்சாத்தானே சொல்லுவான் அந்த மண்டு."

"நீ பெரிய மேதை," என்றாள் அவள். பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

வடதுருவத்தை ஒட்டிய ஊலு நகரத்துக் குளிர்காலம். மதியம் மூன்று மணிக்கே வெளியே இருட்டு. தானெலி விதியை அழித்துவிட்டு, சர்வரை மறுபடி ஓடவிட்டான். வருகிற கோரிக்கைகளும் சர்வரின் பதில்களும் திரையில் வரிவரியாக ஏறும். ஏறியது ஒன்று.

வீடு/ — உண்டு.

தேடுபொறி எதுவோ மேய்கிறது என்று அலட்சியமாகக் கொட்டாவி விட்டான்.

வீடு/வாசல்/ — உண்டு.

அப்படியொரு ஃபோல்டரே கிடையாது. 'இல்லை' என்றல்லவா சர்வர் சொல்லியிருக்க வேண்டும்? அதே நேரத்தில் மூன்று மாடி கீழே தெருக்கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும் சத்தமும், சூடேற்றியின் கருகிய தூசி நெடியை மீறிக்கொண்டு, நனைந்து பல நாள் மடித்துக் கிடந்த கம்பளியின் வாடையும் வந்தன.

வீடு/வாசல்/படி/ — உண்டு.

கலெர்வோவின் கிறுக்கலை எழுத்துப் பிசகாமல் திரும்பப் போட்டான். சர்வர் விதியை ஏற்றுக்கொண்டது. ஆனால் உள்ளே வந்துவிட்டதைத் திருப்பியனுப்ப அந்த விதிக்குத் தெரியவில்லை.

வீடு/வாசல்/படி/அறை/ — உண்டு.

அறைக் கதவு திறக்கவில்லை. காலடி இல்லை. வாடை மட்டும் பக்கத்தில்.

நாற்காலி/ — உண்டு.

சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கி எறிந்தான். விசிறிகள் ஓய்ந்தன. திரையில் இன்னொரு வரி ஏறியது.

வாய்/

கத்தப் போனான். தாடை தானாகவே திறந்தது. அகலமாக. நாக்கின் மேல் ஈரக் கம்பளி.

— உண்டு.

திரை அணைந்தது. கறுத்த கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. கீழ்ப்பல் வரிசையை உள்ளிருந்து நான்கு விரல்கள் பற்றியிருந்தன. ஐந்தாவது, மெதுவாக, உதட்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தது.