வியாபாரி வேடத்துக்கு ஓர் ஆள்

"நில்லுங்க... நீங்கதான் வேணும்!"

மழைக்காகப் பள்ளி வராந்தாவில் ஒதுங்கியிருந்தவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அரிசி மூட்டைகளைச் சமையலறையில் இறக்கிவிட்டு, வண்டி வரை ஓடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். எதிரே புவியியல் டீச்சர். கன்னத்தில் சாக்பீஸ் தூள். கண்களில்... அப்பப்பா, அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே முடியாது என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்?

"நானா? எதுக்குங்க?"

"வகுப்புல ஒரு விளையாட்டு. வியாபாரியா நடிக்க வேண்டிய சார் இன்னைக்கு லீவு. நீங்க சும்மா உட்கார்ந்து முழிச்சாப் போதும்."

"முழிக்கிறதுதானே... அது எனக்கு நல்லாவே வரும்."

சிரித்துவிட்டாள். அதோடு அவன் கதை முடிந்தது.

வகுப்பில் பெஞ்சுகளெல்லாம் ஊர்களாகியிருந்தன. பிள்ளைகளில் சிலர் விவசாயிகள், சிலர் அம்மாக்கள், ஒருத்தி மந்திரி. பூமி சூடாகி, மழை பொய்த்து, விளைச்சல் பாதியாகிவிட்ட வருஷம் அது. இருக்கிற சோள முத்துக்களை வைத்து எல்லோரும் பிழைக்க வேண்டும். அவன் மேஜையில் மட்டும் முத்துக்கள் குவிந்து கிடந்தன. 'விலை ஏறும்வரை விற்காதே' என்று அவன் காதில் சொல்லிவிட்டுப் போனாள் டீச்சர்.

முதலில் ஜோராகத்தான் முழித்தான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது அம்மா வேடத்திலிருந்த சிறுமி எழுந்தாள்.

"எங்க பாப்பா பசியில அழுவுது. நீங்க ஏன் கடையைப் பூட்டினீங்க?"

அவன் முகம் செத்துப்போனது.

"பதில் சொல்லுங்க, பதுக்கல்காரரே!" டீச்சரும் விளையாட்டாய்ச் சேர்ந்துகொண்டாள்.

அவன் எழுந்தான். கொட்டுகிற மழையில் இறங்கிப் போய்விட்டான்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றாள், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பள்ளிச் சமையல்கார அக்கா. "அவர் சின்னப் பிள்ளையா இருந்தப்போ மழையில்லாத ஒரு வருஷம், பதுக்கல்காரன்னு இதே வார்த்தையைச் சொல்லித்தான் அவங்கப்பா அரிசிக் கடை மேல கல்லெறிஞ்சாங்க. மனுஷன் அப்புறம் கடைப் பக்கமே வரலை."

அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்! அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே, இப்போது அவன் நடத்தும் அந்தக் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். "உங்களுக்கு எப்படித் தெரியும், விடுங்க" என்றான், தராசிலிருந்து நிமிராமல். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

அதன்பிறகு மூட்டைகளோடு அவனுக்குப் பதில் ஒரு டிரைவர் வந்தார். வராந்தாவைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் பூத்தது. அரை மணி நேரம் முழித்துக்காட்டியவனுக்காக ஒருத்தி ஏங்குவாளா? ஏங்கினாள்.

அடுத்த ஆட்டத்துக்கு முன்பு டிரைவரிடம் சொல்லியனுப்பினாள். 'இந்தத் தடவை வியாபாரி நான். கேள்வி கேட்க அவர் வரட்டும்.'

வந்தான். வீம்பாய்க் கடைசி பெஞ்சில், விவசாயிகளோடு உட்கார்ந்தான்.

எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம் என்றுதான் அவள் ஆரம்பித்தாள். ஆனால் அவளுக்குப் பின்னால், அவளுடைய பிள்ளைகளாக இரண்டு வாண்டுகள். அடுத்த மழை எப்போது என்று யாருக்கும் தெரியாது. நீட்டிய கைகளைப் பார்க்கப் பார்க்க, அவள் கை தானாகவே முத்துக்களை மூடிக்கொண்டது.

"ஏன் கடையைப் பூட்டினீங்க?" கேட்டது அவன்.

"பயமா இருக்கு..." நடிப்பில்லை, குரல் உடைந்தேவிட்டது. "எல்லாத்தையும் குடுத்துட்டா நாளைக்கு என் பிள்ளைங்களுக்கு?"

அவன் கண்கள் நிறைந்துவிட்டன. மந்திரிதான் முதலில் பேசினாள். "உங்க பிள்ளைங்களுக்கும் நாங்க பங்கு வெச்சா திறப்பீங்களா?"

டீச்சர் கையைத் திறந்தாள்.

மணியடித்து, பிள்ளைகள் ஓடியதும் அவன் மேஜையருகே வந்தான்.

"அப்பா நிஜமாவே பூட்டினாரு டீச்சர். ஊர் சொன்னது பொய்யில்ல. நாங்க அப்போ சின்னப் பிள்ளைங்க... ஏன்னு மட்டும் யாரும் கேக்கலை. நானும் கேக்கலை. இன்னைக்குப் போய்க் கேக்கணும்."

"கேளுங்க" என்றாள் மெதுவாக.

அவன் போகவில்லை.

"இன்னும் என்ன?"

"எனக்கும் ஒரு பயம்..."

"என்னவாம்?"

"உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொன்னா... என்ன சொல்வீங்களோன்னு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன.

"இத்தனை நாள் கண்ணுலயே படாம இருந்தீங்களே... இனிமே வரவே மாட்டீங்களோன்னு நான் பயந்தது உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு... ரொம்ப."