வெள்ளைக் காலருக்குக் கீழே

"ஐயோ...!"

அலறிய அப்போலோனியா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்திருந்த பிணத்தின் கழுத்தைப் பார்த்துவிட்டாள்!

1612. ஹில்டன்ஸ்டைன் கோட்டை. ஜன்னலில் பளீரென்ற காலை வெயில். ஜுரத்தில் இறந்துபோன ஏபர்ஹார்ட் பிரபுவை முழு அலங்காரத்தோடு வரைய, நியூரம்பர்க்கிலிருந்து அவளை வண்டி வைத்து அழைத்து வந்திருந்தார்கள். கறுப்பு வெல்வெட் அங்கி. மூன்று சுற்றுத் தங்கச் சங்கிலி. வண்டிச் சக்கரம் போல விரிந்த வெள்ளை மடிப்புக் காலர்.

காலரில் ஒரு மடிப்பு சரிந்திருந்தது. நிமிர்த்தத் தூக்கினாள்.

கீழே...

கன்றிப்போன கயிற்றுத் தடம்!

அது மட்டுமா? கழுத்து வெயிலில் வெந்து செம்பாகக் கிடந்தது. வருஷக்கணக்காகக் காலர் மூடிய கழுத்து பால் மாதிரி இருக்க வேண்டாமா?

இது பிரபு இல்லை... வயலில் உழைத்த எவனோ! கொன்றிருக்கிறார்கள்!

"என்ன சத்தம்?"

வாசலில் சிபில்லா சீமாட்டி. விதவைக்கோலம். தரையில் புரளும் கறுப்பு முக்காடு. மூக்கு வரை இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி. கண்கள் மட்டும் தெரிந்தன.

"ஒ... ஒண்ணுமில்லம்மா. எலி..."

"எலியா?" அழுது அழுது கட்டிப்போன குரல். "காலரைத் தொட்டியா?"

"சத்தியமா இல்லம்மா!"

"தொடாதே. மத்தியானம் டியூக்கோட தளபதி வர்றார். சொந்த மச்சானையே கொன்னுட்டார்னு என் புருஷனைப் பிடிச்சுட்டுப் போக வர்றாராம்... பொணத்தையா பிடிப்பார்? படத்தை அவர் கையில குடுத்தா விஷயம் முடிஞ்சது."

தோளில் விழுந்த கை அழுத்தியது. எலும்பு வலித்தது.

"நீயும் உசிரோட வீடு போய்ச் சேரலாம். சேரணும்ல?"

"சே... சேரணும்மா."

சீமாட்டி எதிரே உட்கார்ந்தாள். நகரவே இல்லை. பலகையின் பின்புறத்தைத்தான் அவளால் பார்க்க முடிந்தது. அப்போலோனியா தூரிகையை எடுத்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது.

எதை வரைவது? பொய்யையா... மெய்யையா?

மத்தியானம். பூட்ஸ் சத்தம். தளபதி வோல்ஃப்ராம், பின்னால் நாலு வீரர்கள்.

"பிரபுவை உசிரோட நான் பார்த்ததே இல்ல. படத்தைக் காட்டும்மா."

பலகையைத் திருப்பினாள்.

"என்னது இது? காலரைக் காணோம்! கழுத்துல என்ன கோடு?"

"பா... பார்த்ததைத்தான் ஐயா வரைஞ்சேன்..."

தளபதி இரண்டே எட்டில் பிணத்தை நெருங்கினார். காலரைப் பிய்த்து எறிந்தார்.

"பிரபுவுக்கு ஏதுடா வெயில்ல வெந்த கழுத்து? கதவைச் சாத்துங்க! எங்க அந்தக் கொலைகாரன்?"

சீமாட்டி வாசலை நோக்கிப் பாய்ந்தாள்!

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ... தரையில் புரண்ட முக்காட்டை அப்போலோனியா இரண்டு காலாலும் மிதித்தாள்.

டர்ர்ர்ர்...!

முக்காடு கிழிந்தது. முகத் துணி பறந்தது.

உள்ளே... சிவப்புத் தாடி! உயிர் போகிற நெருக்கடியிலும் மழிக்க மனசு வராத, எண்ணெய் பூசிய, சீவிச் சிங்காரித்த தாடி!

"நீ... நீதான் பிரபு ஏபர்ஹார்ட்டா?" தளபதியின் வாய் பிளந்தது. "அப்ப உன் சம்சாரம்?"

"மூணு நாள் முன்னாடியே... பொறந்த வீட்டுக்குப் போயிட்டா," தலைகுனிந்து முனகினான் பிரபு.



தளபதி விலங்கை எடுத்தார்.

"எத்தனையோ சாவு வீடு பார்த்துட்டேன்... புருஷன் செத்ததுக்குப் புருஷனே ஒப்பாரி வைக்கிறதை இப்பத்தான்யா பார்க்கிறேன்!"