நீர்வாசல் மணி

மணியின் ஓசை சுவர்களில் பட்டுத் தேய்ந்து அடங்கியபோது, படகு இடது பக்கமாக லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அலை இல்லை. அந்தக் குறுகிய கால்வாயில் வேறு படகும் இல்லை. படியில் நிற்கும் ஒருவர் ஒரு காலை எடுத்து உள்ளே வைத்து, மறு காலையும் வைத்தால் எப்படிச் சாயுமோ, அப்படி ஒரு சாய்வு. சுக்கானைப் பிடித்து நின்றவளின் உள்ளங்கால்கள் அதை உடனே கண்டுகொண்டன. மனம்தான் கொஞ்சம் தாமதித்தது.

படகுத்துறையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வாய் ஓயாதவள் என்று கணவனே வைத்த பெயர். அவன் துறையில் படகுகளுக்கு மோட்டார் பார்ப்பவன். அவள் வருகிறவர்களைத் தனிப்படகில் ஏற்றி, பழைய கால்வாய் நகரத்தைச் சுற்றிக் காட்டுபவள். ஒரு கை சுக்கானில் இருக்கும், மறு கை மாளிகைகளைக் காட்டும், வாய் கதை சொல்லும். எந்தப் பிரபு மாமியாருக்குப் பயந்து எந்த ஜன்னலிலிருந்து தண்ணீரில் குதித்தான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தெரியாத இடத்தில் கூசாமல் ஒரு பிரபுவை உண்டாக்கிக்கொள்வாள்.

அன்று படகில் இரண்டே பேர். ஒரு பெரியவர், அவருடைய மகள். பெரியவர் உடம்பில் தெம்பிருந்த காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவர். இப்போது பார்வை முழுக்கப் போய்விட்டது. மகள் பல் டாக்டர். அப்பாவை எங்கேயாவது அழைத்துப் போக வேண்டும் என்ற ஆசையில் படகைப் பேசிவிட்டு, ஏறும் நேரத்தில், இதில் அவருக்குப் பார்க்க என்ன இருக்கிறது என்று கலங்கி நின்றாள்.

"கவலையே படாதீங்க மேடம். ஐயாவைக் காதாலேயே ஊரைப் பாக்க வைக்கிறேன். அது என் பொறுப்பு," என்றாள் ரேடியோ.

அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் மணியை அடித்தாள். பெரிய கால்வாயில் கரைச்சுவர் வேலை நடந்ததால், யாரும் போகாத இந்தக் கிளைக் கால்வாய்க்குள் திருப்பியிருந்தாள். இருபுறமும் ஆளில்லாத உயரமான வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீரை ஒட்டி ஒரு கதவு, அதற்குக் கீழே பாசி மூடிய படிகள். மாலை வெளிச்சம் கூரைகளின் உச்சியோடு நின்றுவிட, கீழே தண்ணீரின்மேல் மூடுபனி ஒரு முழ உயரத்துக்குப் படர்ந்து கிடந்தது. சுக்கானுக்கு மேலே, கால்வாய் தூர்வாரியபோது சேற்றில் கிடைத்த வெண்கல மணியொன்றை அவள் கணவன் தேய்த்துப் பளபளப்பாக்கி அழகுக்காகத் தொங்கவிட்டிருந்தான். ஆடும்போதெல்லாம் சத்தம் போடுகிறது என்று அதன் நாக்கைத் துணியால் கட்டியே வைத்திருந்தார்கள். இன்றுதான் முதன்முறையாக அவள் அந்தத் துணியை அவிழ்த்தாள்.

"ஒரு காலத்துல இந்த ஊருக்குக் கொள்ளைநோய் வந்துச்சு ஐயா. முதல்ல இந்த வரிசை வீடுங்கள்லதான். தெருப்பக்கக் கதவையெல்லாம் செங்கல் வச்சு அடைச்சுட்டாங்க. 'தண்ணிப் பக்கம் படகு வரும். மணி அடிக்கும். அப்ப வெளிய வாங்க, ஏத்திக்கிட்டுப் போயிடுறோம்'னு சொல்லிட்டுப் போனாங்க."

"வந்துச்சா?" என்றார் பெரியவர்.

"வரலை ஐயா. இவங்க உள்ளேயே காத்துக்கிட்டு இருந்தாங்க." இந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். "மணி இப்படித்தான் அடிச்சிருக்கும், கேளுங்க."

பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. "எங்க பஸ்ல விசில்தான். ஆனா கூட்டத்தைக் கூப்பிட இதுதாம்மா சரி," என்றார். மகள் நன்றியோடு ரேடியோவைப் பார்த்தாள். அதனால் அடுத்த நீர்வாசலிலும் அவள் படகை நிறுத்தி மணி அடித்தாள். அதற்கடுத்ததிலும் அடித்தாள். சாய்வு ஒவ்வொரு முறையும் வந்தது. அந்தந்த வாசல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக.

அடியில் எங்கோ தண்ணீர் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டாள். மரப்படகு, வயசான படகு. கால்மாட்டுப் பலகையைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்தாள். உள்ளே எலும்பு போல் காய்ந்து கிடந்தது. எட்டி வெளியே பார்த்தபோது, விளிம்புக்கு ஒரு முழம் கீழே இருக்க வேண்டிய தண்ணீர், நாலு விரலுக்கு வந்திருந்தது. மோட்டாரின் மெல்லிய ரீங்காரமும் கீழிறங்கி, சுமை தூக்குகிறவன் மூச்சைப் போலத் திணறியது. அப்போதுதான் அந்த வாசனையும் வந்தது. கால்வாயின் வாசனை அவளுக்குப் பழக்கம், அது இல்லை இது. பெட்டிக்குள் ஈரமாகவே மடித்து வைத்து மறந்துபோன துணியின் வாசனை, அதற்கடியில் மெழுகுவர்த்தி அணைந்ததுபோல் ஏதோ, பின் பெஞ்சுகளின் பக்கத்திலிருந்து காற்றே இல்லாமல் மெதுவாக வந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் உள்ள தள்ளி உக்காரும்மா," என்றார் பெரியவர் மகளிடம். "பாவம், அவங்க நிக்கிறாங்க."

"யாருப்பா?"

"இப்ப ஏறினவங்க."

மகள் சங்கடத்தோடு சிரித்தாள். "அப்பா, இது பஸ் இல்ல. நாம ரெண்டு பேர்தான்."

"எனக்கா சொல்ற? வண்டியில ஆள் ஏறினா என் முழங்காலுக்குத் தெரியும்." அவர் நகர்ந்து, ஜன்னல் ஓரத்துப் பயணியைப் போல் விளிம்போடு ஒட்டி உட்கார்ந்தார். பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். "உக்காருங்க, உக்காருங்க."

பெஞ்சு முனகியது.

மகள் தன் ஸ்வெட்டர் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். தோளிலிருந்து முழங்கை வரை நனைந்திருந்தது. "பனி ரொம்ப அதிகம் இல்ல?" என்றாள். ரேடியோ தலையாட்டினாள். முன்னால் பார்த்தபடி போனை எடுத்தாள்.

"ஏங்க, நம்ம படகுல எங்கேயாவது ஒழுகுதா?"

"காலைல கூடப் பாத்தேனே. ஒரு சொட்டு இல்ல," என்றான் கணவன். "ஏன்?"

"ரொம்பத் தாழ்ந்து போகுது."

"எத்தனை பேர ஏத்தின?"

"ரெண்டு பேர்தாங்க."

"என்னது? சத்தமா சொல்லு. நீ பேசுறது காதுலயே விழல."

"ரெண்டு பேர்!"

"அவங்கள கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லேன். எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா எனக்கு எப்படிக் கேக்கும்?"

பின்னால் யாரும் பேசவில்லை. மோட்டார் சத்தமும், பலகையில் தண்ணீர் உரசும் சத்தமும் தவிர அந்தக் கால்வாயில் எதுவுமே இல்லை. போனில் கணவன் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அதை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

திரும்பிப் பார்க்கலாம். ஒரு கணம் போதும். அவளுடைய கழுத்து திரும்ப மறுத்தது. பார்த்து, ஒன்றுமே இல்லையென்றால், பின் பெஞ்சு ஏன் முனகியது என்ற கேள்வி மிஞ்சும். பார்த்து, இருந்துவிட்டால்? ரேடியோ வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச்சற்று நின்றாள். இனி மணி வேண்டாம். நேரே போய்ப் பெரிய கால்வாயில் சேர்ந்துவிட்டால் போதும். துறை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

மீதி நீர்வாசல்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன. அவள் நிற்கவில்லை. கடந்து போகும்போது கதவுகளுக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. தட்டுவதல்ல. மரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, மேலிருந்து கீழாக இழுப்பது போன்ற சத்தம். பொறுமையான சத்தம்.

"என்னம்மா, மணியை நிறுத்திட்டீங்க?" என்றார் பெரியவர் ஏமாற்றத்தோடு.

"போதும் ஐயா. நேரமாயிடுச்சு."

"அவரு ஆசைப்படுறார், நான் அடிக்கட்டுமா?" மகள் ஏற்கெனவே எழுந்து வந்துவிட்டிருந்தாள். அப்பாவைச் சந்தோஷப்படுத்தும் அவசரம். ரேடியோவின் தோளுக்கு மேலாகக் கை நீண்டது.

"தொடாதீங்க!"

மணி அடித்தது. மகள் பயந்துபோய்க் கையை இழுக்க, கயிறு அவள் வளையலில் மாட்டி மறுபடி அடித்தது. மறுபடியும். சத்தம் கால்வாய் நெடுக ஓடியது. முன்னால், பனிக்குள், ஒரு கதவு திறந்தது. எதிரே இன்னொன்று. பிறகு எது எங்கே என்று சொல்ல முடியாதபடி, இருபுறமும், கீல்கள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன.

படகு இடது பக்கம் சாய்ந்தது. வலது பக்கம். இடது. இடது. வலது.

"என்ன ஆச்சு? யாரு... படகு ஏன் இப்படி ஆடுது?" மகள் அப்பாவின் பக்கத்தில் போய் விழுந்தாள். அப்புறம் அவள் குரல் மாறியது. "இங்க ஏதோ... அப்பா. அப்பா, என் கால்கிட்ட..."

"மேடம், கண்ண மூடிக்குங்க," என்றாள் ரேடியோ. "ஐயா கையைப் பிடிச்சுக்குங்க. எதையும் பாக்காதீங்க."

அது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

தாழ்ந்த பாலம் ஒன்று வந்தது. அதன் அடியில் போகும்போது எல்லாரும் குனிய வேண்டும். அவள் எப்போதும் முன்கூட்டியே சொல்வாள். இன்று சொல்லவில்லை. தான் மட்டும் குனிந்தாள். அவளுக்குப் பின்னால், ஒரே நேரத்தில், ஈரத் துணிகள் மடிந்தன. பலர் குனிந்தார்கள். பாலத்தின் இருட்டில் மூச்சு எதுவும் கேட்கவில்லை. துணியிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்டது. சொட்டிக்கொண்டே இருந்தது. பாலம் முடிந்ததும் துணிகள் மறுபடி சலசலத்தன. நிமிர்ந்தார்கள்.

பெரிய கால்வாய்.

விளிம்பைத் தாண்டித் தண்ணீர் ஒரு நாக்கு உள்ளே வந்தது. அவள் செருப்பை நனைத்தது. மறுகரைக்கு ஓட்டலாமா? நடுவிலேயே நிறுத்திவிடலாமா? துறைக்குப் போகக்கூடாது என்று அவள் உடம்பெல்லாம் சொன்னது. ஆனால் பின்னால் ஒரு கண் தெரியாத மனிதர், நீந்தத் தெரியுமா என்று கேட்டதற்கு ஏறும்போதே உதட்டைப் பிதுக்கிய ஒரு பெண். இன்னும் ஒரு நாக்குத் தண்ணீர். நின்றால் முழுகும்.

"அம்மா," என்றார் பெரியவர். அவர் குரலில் சிரிப்பு போய்விட்டிருந்தது. மகளின் விசும்பலுக்கு மேலே, மிக மரியாதையாக, மிக மெதுவாகப் பேசினார். "எங்க இறக்கிவிடுவீங்கன்னு கேக்குறாங்க."

அவள் சுக்கானைத் துறைப் பக்கம் திருப்பினாள்.

"துறையிலதான் இறங்கணும், அங்க ஆள் இருக்கும், கை குடுப்பாங்கன்னு சொல்லிட்டேன்." பிறகு குழந்தையைப்போல் கேட்டார். "தப்பா சொல்லிட்டேனாம்மா?"

துறையின் விளக்கு பனியில் மஞ்சளாகக் கரைந்து தெரிந்தது. அதன் கீழே கணவன். தண்ணீர் விளிம்போடு வருகிற படகைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"உனக்கென்ன பைத்தியமா? எதுக்கு இத்தனை பேரை ஏத்தின? படகு முழுகிடும்!" என்று தூரத்திலிருந்தே கத்தினான். "யாரும் எழுந்திருக்காதீங்க! எல்லாரும் அப்படியே உக்காருங்க! ஒவ்வொருத்தரா இறங்கலாம்!"

கயிற்றை எறியாதே. அவள் மனம் சொன்னது. கை எறிந்தது. வருஷக்கணக்காய் எறிந்த கை. அவன் பிடித்துக் கட்டையில் சுற்றினான். படகு துறையில் இடித்து நின்றது.

"ஏங்க, போயிடுங்க," என்றாள். சத்தமே வரவில்லை. "கை குடுக்காதீங்க. போயிடுங்க."

அவன் அதற்குள் ஒரு காலைப் படிக்கட்டில் ஊன்றி, எல்லாப் பயணிகளுக்கும் செய்வதுபோல், கையை நீட்டிவிட்டான். "பாத்து வாங்க, வழுக்கும்..." என்று சொல்ல ஆரம்பித்தான். விளக்கின் வெளிச்சம் படகுக்குள் விழுந்தது. அவன் முகத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்காத எல்லாவற்றையும் அந்த முகம் பார்த்தது. வாய் திறந்தபடியே நின்றது.

படகு துறைப்பக்கமாகச் சாய்ந்தது. எல்லாரும் ஒன்றாக எழுந்துவிட்டார்கள்.

அவசரம் இல்லை. தள்ளுமுள்ளு இல்லை. காத்திருந்து பழகியவர்களின் வரிசை. அவள் தோளுக்குப் பக்கத்திலிருந்து, கன்னத்தை ஈரமாக உரசிக்கொண்டு, ஒரு கை நீண்டது. நகங்களுக்கடியில் மரத்தூள். விரல் நுனிகளில் தோலே இல்லை. அது அவள் கணவனின் மணிக்கட்டை நன்றியோடு பற்றிக்கொண்டது. அதன்மேல் இன்னொரு கை. அதன்மேல் ஒரு சின்னக் கை.

நீட்டிய கையை அவனால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.